சகலன்மாரும் சோலை வரியும்

வீட்டுக்கும் வளவுக்கும் நகரசபை அறவிடும் வரியை எங்கள் பக்கத்தில் சோலை வரி என்பார்கள். சோலை இருக்கிறதோ இல்லையோ, வரி இருக்கும். யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னதாகவே நினைவில்லை. அது பெரியவர்களின் தலைவலி. பலெர்மோவுக்கு வந்து பல வருடங்கள் கழித்து, இரண்டு சகலன்மார் என் சாப்பாட்டு மேசையில் எதிரெதிராக உட்கார்ந்து வாதாடத் தொடங்கிய பிறகுதான், சோறு கறியோடு சேர்த்து அதையும் பரிமாற வேண்டி வந்தது.

ஒரு சகலன் என் கணவர். மற்றவர் என் தங்கையின் கணவர். அக்காவையும் தங்கையையும் கட்டிய இரண்டு ஆண்களுக்கு நடுவில் உள்ள உறவு விசித்திரமானது. சண்டை பிடிக்கவும் பெரிய காரணம் இருக்காது, கட்டிப்பிடிக்கவும் பெரிய காரணம் இருக்காது. ஒருவர் புதுச் சப்பாத்து வாங்கினால் மற்றவர் குனிந்து தன் பழைய சப்பாத்தைப் பார்ப்பார். இவர்கள் இருவரும் நல்ல மனிதர்கள். குடிக்கிற பழக்கமும் இல்லை. அதனால் இருந்த வேகமெல்லாம் வாதத்தில் போய் இறங்கியது.

பழைய நகரத்தில், சந்தைக்குப் பின்னால், ஒரே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நாங்கள் இரண்டு குடும்பமும் வாடகைக்கு இருந்தோம். எங்களுக்கு ஒரு மகள், தங்கைக்கு ஒரு மகள். இருவருக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு, ஒரே வாங்கு. தங்கையை இத்தாலிக்கு எடுப்பித்தது நான். அவளுக்கு முதல் வேலை பார்த்துக் கொடுத்தது நான். பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி எடுக்கக் குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்தில் வரிசையில் நின்றபோது, அந்தப் பொலிஸ்காரர்களிடம் அவளுக்காகக் கதைத்தது நான். மாப்பிள்ளையின் படத்தைப் பார்த்து "இவர் சரி" என்றதும் நான். அவள் மகளுக்குப் பெயர் வைத்ததும் நான்தான். நல்ல பெயர், இன்றைக்கும் எல்லோரும் புகழ்கிறார்கள். தங்கை என்றால் எனக்கு உயிர். அதை மறைக்க என்ன இருக்கிறது?

பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புக்கு வந்த வருடம் வீட்டுக்காரர் படியேறி வந்தார். வழக்கமாக வாடகைக்கு மட்டும் வருகிறவர், அன்று ஒரு பெட்டி கேக்கோடு வந்தார். சிசிலியில் வீட்டுக்காரர் கேக் கொண்டு வந்தால் பின்னால் ஏதோ வரப் போகிறது என்று அர்த்தம். நினைத்தபடியே நடந்தது. கட்டடம் முழுவதையும் உல்லாசப் பயணிகளுக்கு அறைகளாக மாற்றப் போகிறாராம். அடுத்த கோடைக்குள் நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டால் தனக்குப் பெரிய சந்தோஷமாம். அவருடைய சந்தோஷத்துக்காக நாங்கள் வீடு மாற வேண்டும். கேக் மட்டும் நன்றாக இருந்தது.

நகரத்தின் நடுவில் இனி உல்லாசப் பயணிகளும் புறாக்களும்தான் வாழலாம் என்ற நிலை. வாடகைக்கு அலைந்து அவதிப்படுவதைவிட, வங்கியில் கடன் எடுத்து ஆளுக்கொரு சின்ன வீடு சொந்தமாக வாங்கினால் என்ன என்று யோசனை வந்தது. அதற்கு நகரத்தை விட்டு வெளியே போக வேண்டும். இங்கேதான் சிக்கல் தொடங்கியது.

என் கணவருக்கு ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தின் குசினியில் வேலை. விடியக் காலமை கணவாயும் மட்டியும் கழுவத் தொடங்கினால் மத்தியானம் வரைக்கும் கை ஈரம் காயாது. சகலனுக்கு நகரத்தின் மற்ற முனையில், சியாகுல்லியில், மண்டரின் தோடம்பழங்களைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குகிற களஞ்சியத்தில் வேலை. ஒருவர் மேற்கு, மற்றவர் கிழக்கு. அந்த இரண்டு இடங்களும் பலெர்மோ நகரசபைக்குள்தான் வருகின்றன, ஆகவே அங்கே எல்லாம் ஒரே வரி. ஆனால் ஸ்ஃபெர்ராகவால்லோவைத் தாண்டியதும் வேறு ஊர், வேறு சபை. சியாகுல்லியைத் தாண்டினாலும் அப்படியே. அந்த ஊர்களில்தான் எங்களுக்குக் கட்டுப்படியான வீடுகள் இருந்தன. பெயர் சொல்லி யாருடைய பொல்லாப்பையும் தேடாமல், மேற்கு ஊர், கிழக்கு ஊர் என்று வைத்துக்கொள்கிறேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எந்த ஊராக இருந்தாலும் தங்கையும் நானும் ஒரே ஊரில், முடிந்தால் ஒரே தெருவில் இருக்க வேண்டும். பிள்ளைகள் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். இத்தாலிக்கு வந்து நான் கேட்ட பெரிய ஆசை அதுதான். கடவுளிடமும் அதைத்தான் கேட்டேன், கணவரிடமும் அதைத்தான் கேட்டேன். கடவுள் பேசாமல் இருந்தார். கணவர் சோலை வரியைப் பற்றிப் பேசினார்.

"என்ரை வேலைக்கு மேற்குத்தான் கிட்ட" என்று அவர் நேராகச் சொல்லியிருக்கலாம். சகலனும் "எனக்குக் கிழக்கு" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் ஒருவர் மற்றவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டி வரும். யார் யாருக்குப் பின்னால் போவது? மானப் பிரச்சினை அல்லவா? ஆகவே இரண்டு பேரும் வேலையைப் பற்றி மூச்சு விடாமல், எந்த ஊரில் சோலை வரி குறைவு என்று ஆராயத் தொடங்கினார்கள். நியாயமான மனிதர்கள் நியாயமாக முடிவெடுக்கிறார்களாம்.

இத்தாலியில் சோலை வரிக்கு இமு என்று பெயர். சட்டம் ஒன்றுதான் என்றாலும் விகிதத்தை ஒவ்வொரு ஊர்ச் சபையும் தன் விருப்பத்துக்குக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். என் கணவர் உணவகத்து முதலாளியிடம் விசாரித்தார், மீன் கொண்டு வருகிறவரிடம் விசாரித்தார், மேற்கு ஊரிலிருந்து சாப்பிட வந்த ஆட்களிடமும் விசாரித்தார். சகலன் லொறிச் சாரதிகளைப் பிடித்தார். இந்தத் தீவில் வரியைப் பற்றி ஒருவரிடம் கேட்டால் அவர் தொகையைச் சொல்ல மாட்டார், தன் வாழ்க்கைக் கதையைச் சொல்லுவார். அதில் வரி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வளரும். கடைசியில் என் மகள் சபைகளின் இணையத்தளத்துக்குப் போய் போனில் தேடிக் கொடுத்தாள். தங்கையின் மகளும் கூட இருந்து தேடினாள். தேடித் தந்துவிட்டு இரண்டும் "கே நோயா!" என்று கத்திக்கொண்டு ஓடின. என்ன அலுப்பு இது என்று அர்த்தம். அதையும் அசல் சிசிலிக்காரர் போல இழுத்துச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தவறாமல் விவாதம் நடந்தது.

"அண்ணை, உங்கடை மேற்கு ஊர்ச் சபை போன வருசமும் விகிதத்தைக் கூட்டிப் போட்டுது" என்று சகலன் தொடங்குவார்.

"கூட்டினா என்ன? அங்கை கடல் இருக்கு."

"கடலுக்கும் சேர்த்துத்தானே அண்ணை அறவிடுறாங்கள்."

"அப்ப உங்கடை கிழக்கில என்னத்துக்கு அறவிடுறாங்கள்? தூசுக்கோ?"

"தூசு வந்தாலும் பஸ் வருது. உங்கடை பக்கம் பஸ் வாறது திருவிழா மாதிரி, வருசத்துக்கு ஒருக்கா."

நான் நடுவில் புகுந்து, "முதல்ல சாப்பிடுங்கோ, சோறு ஆறுது" என்பேன். தங்கை ஒன்றும் சொல்ல மாட்டாள். அவள் சின்ன வயதிலிருந்தே அமைதி. சகலன் கொண்டு வந்த மண்டரினை உரித்து, சுளைகளிலிருந்து வெள்ளை நாரை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருப்பாள். அவளுடைய அபிப்பிராயம் என்னுடைய அபிப்பிராயம்தானே என்று நானும் அவளைக் கேட்டதில்லை.

இமு முடிந்ததும் குப்பை வரி வந்தது. அதற்குத் தாரி என்று பெயர், வீட்டின் பரப்பையும் ஆட்களின் எண்ணிக்கையையும் பார்த்துப் போடுவது. மேற்கு ஊரில் குப்பையை வீட்டு வாசலுக்கு வந்து எடுப்பார்கள். ஆனால் எந்த நாளில் எந்தக் குப்பை என்று பஞ்சாங்கம் வைத்துப் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை பிளாஸ்டிக் வைத்தால் செவ்வாய்க்கிழமையும் அங்கேயே இருக்கும், அண்டை வீட்டுக்காரர் முறைப்பார். கிழக்கு ஊரில் தெருமுனையில் பெரிய தொட்டிகள். எப்போதும் போடலாம், எப்போதும் நிரம்பி வழியும். இதில் எது மேல் என்று இரண்டு பேரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கதைத்தார்கள். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். இவர்களுக்கு அக்கரைக் குப்பையும் பச்சையாகத்தான் தெரிந்தது.

பிறகு பள்ளிக்கூடங்கள். தை மாதத்துக்குள் ஆறாம் வகுப்புக்குப் பதிய வேண்டும். பக்கத்தில் குடியிருக்கும் பிள்ளைகளுக்குத்தான் முதலிடம். பலெர்மோவில் இருந்துகொண்டு வெளியூரில் பதிவதென்றால் வீடு எங்கே என்று முடிவாகியிருக்க வேண்டும். மேற்கு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு கொடுப்பார்கள். கிழக்கு ஊரில் சாப்பாடு இல்லை, ஆனால் சங்கீதப் பிரிவு உண்டு. தங்கையின் மகள் பள்ளியில் கிளாரினெட் பழகுகிறவள். வாசிக்கும்போது மூன்று மாடிக்கும் கேட்கும். என் அபிப்பிராயத்தில் அதை ஓர் ஐந்து வருடத்தில் மறந்துவிடுவாள், மத்தியானச் சாப்பாட்டை யாரும் மறக்க மாட்டார்கள்.

பெற்றோர் வந்து பார்க்கலாம் என்று அறிவித்த நாட்களில் தங்கையும் நானும் இரண்டு பள்ளிக்கூடத்துக்கும் போனோம். மேற்கில் நான் எல்லாம் கேட்டேன். சாப்பாட்டு அறையைக் காட்டச் சொன்னேன், குசினிக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். தங்கை நடைபாதையில் நின்று சுவரில் ஒட்டியிருந்த படங்களைப் பார்த்தாள். கிழக்கில் வேறு மாதிரி நடந்தது. சங்கீத ஆசிரியையிடம் அவளே முன்னுக்குப் போனாள். எத்தனை பிள்ளைகளை எடுப்பார்கள், சோதனை எப்போது, கருவியை வீட்டுக்குக் கொண்டு போகலாமா என்றெல்லாம் தடக்குப்படாமல் இத்தாலியனில் கேட்டாள். நான் பக்கத்தில் நின்று ஆவென்று பார்த்தேன். இவளுக்கு இவ்வளவு இத்தாலியன் வருமா! ரெயிலில் திரும்பும்போது அதைச் சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள், ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

இனி எங்கள் எல்லோருக்கும் இமு எப்படித் தலைக்குள் ஏறியது என்பதைச் சொல்ல வேண்டும். நான் வீட்டு வேலை செய்கிற முதலாளியம்மா, எங்கள் சின்யோராவுக்கு, நகரத்தில் ஒரு வீடு, மொண்டெல்லோவில் கோடைக்கு ஒரு வீடு. இரண்டையும் துடைப்பது நான். ஆனி மாதத்திலும் மார்கழி மாதத்திலும் இமு கட்டும் தவணை வரும். அந்த வாரங்களில் சின்யோரா நெற்றியில் கை வைத்துக்கொண்டு "இமு, இமு" என்று வீடெல்லாம் நடப்பா. இந்த நாடு உருப்படாது என்பா. எல்லாவற்றையும் விற்றுவிட்டு எங்கேயாவது போகப் போகிறேன் என்பா. நான் கோப்பியைக் கொஞ்சம் கடுமையாகப் போட்டுக் கொடுப்பேன். தங்கை வேலை செய்கிற வீட்டுச் சட்டத்தரணிக்கு வாடகைக்கு விட்ட வீடுகள் வேறு இருந்தன. அங்கேயும் அதே ஒப்பாரி. எங்கள் சனத்தில் முக்கால்வாசிப் பெண்கள் இப்படிப்பட்ட வீடுகளில்தான் வேலை செய்கிறோம். கோவிலில் சந்தித்தால் "உங்கடை சின்யோரா இமு கட்டியாச்சோ?" என்று மழை பெய்ததா என்று கேட்கிற மாதிரிக் கேட்போம். இத்தாலியைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததில் பாதி, தரை துடைக்கும்போது காதில் விழுந்ததுதான். கரண்டுக் கட்டணத்தைப் போல, தலைக்கு மேல் கூரை உள்ள எல்லோரும் கட்டுவது இமு என்று நாங்கள் நம்பியதில் என்ன அதிசயம்?

பதிவுக்கு நாட்கள் நெருங்கின. சகலன்மார் இன்னும் கடலுக்கும் தூசுக்கும் நடுவில் நின்றார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. "இனி உங்கடை கணக்கு வேண்டாம். தெரிஞ்ச ஆக்களிட்டைக் கேப்பம்" என்று மூவரையும் இழுத்துக்கொண்டு, வரிப் பத்திரங்கள் நிரப்பிக் கொடுக்கும் உதவி அலுவலகத்துக்குப் போனேன். காஃப் என்று சொல்லுவார்கள். அங்கே ஒரு பெண், என் மகளுக்குப் பெரியக்கா வயது இருக்கும், கண்ணாடி போட்டவள், எங்களுக்கு நாற்காலி தேடித் தந்தாள்.

என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மேற்கு ஊரின் விகிதத்தைச் சொன்னார். சகலன் உடனே கிழக்கு ஊரின் விகிதத்தைச் சொன்னார். என் கணவர் போன வருட விகிதத்தையும் சேர்த்துச் சொன்னார். அந்தப் பிள்ளை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள், பந்து விளையாட்டுப் பார்க்கிற மாதிரி.

"நல்லது. அந்த வீட்டில் யார் இருக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டாள்.

"நாங்கள்தான்" என்றேன்.

"வேறு வீடு சொந்தமாக இருக்கிறதா?"

"இருந்தா ஏன் பிள்ளை உங்களிட்டை வாறம்?" இதை நான் இத்தாலியனில் இவ்வளவு அழகாகச் சொல்லவில்லை, ஆனால் அவளுக்கு விளங்கியது.

"அப்படியென்றால் உங்களுக்கு இமு இல்லை. தான் குடியிருக்கிற வீட்டுக்கு யாரும் கட்டத் தேவையில்லை. மாளிகையாக இருந்தால் வேறு கதை."

என் கணவர் முன்னுக்குச் சாய்ந்து, "எங்கே இல்லை? மேற்கிலா, கிழக்கிலா?" என்று கேட்டார்.

"எங்கேயும் இல்லை சின்யோர். இத்தாலியிலேயே இல்லை."

சகலன் கையிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பிள்ளை மரியாதைக்காக உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், பிறகு முடியாமல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் வந்துவிட்டது. மார்கழியிலும் ஆனியிலும் நெற்றியில் கை வைக்கிற சின்யோராவுக்கு இரண்டு வீடு. சட்டத்தரணிக்கு எத்தனையோ. எள் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை என்னத்துக்குக் காயுது? மாதக்கணக்காக எங்கள் வீட்டில் இரண்டு எலிப்புழுக்கைகள் வெயிலில் கிடந்து காய்ந்திருக்கின்றன. சொன்னேன், அதையும் சத்தமாகத் தமிழில் சொன்னேன். சகலன்மார் இருவரும் முதல் தடவையாக ஒரே பக்கத்தில் சேர்ந்து என்னை முறைத்தார்கள்.

குப்பை வரியிலும் எங்கள் அளவு வீட்டுக்குப் பெரிய வித்தியாசம் வராது என்று அவள் பார்த்துச் சொன்னாள். ஆக, வித்தியாசமே இல்லை. அலுவலகத்துக்கு எதிரே இருந்த பாரில் போய் உட்கார்ந்தோம். நாலு பேருக்கும் கோப்பி நான்தான் சொன்னேன். அன்றைக்கு என் மனம் காற்றாடி போலப் பறந்தது. வரி எல்லா ஊரிலும் ஒன்றென்றால் இனி என்ன தடை? சகலனுக்கு ரெயில் இருக்கிறது, காலையில் கொஞ்சம் முன்னுக்கு எழும்பினால் போச்சு.

"அப்ப கதை முடிஞ்சுது" என்றேன். "எல்லாரும் மேற்குக்குப் போவம். நான் ரெண்டு வீடு பாத்து வைச்சிருக்கிறன், ஒரே தெருவில. தம்பி, நீங்கள் ரெயிலில வேலைக்குப் போகலாம்தானே?"

சகலன் தங்கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவள் கரண்டியைக் கோப்பைக்கு வெளியே வைத்தாள்.

"நாங்கள் கிழக்குக்குத்தான் போறம் அக்கா" என்றாள்.

"இவரின்ரை வேலைக்காகவோ? அதுதான் சொல்லுறனே, ரெயில்..."

"இவரின்ரை வேலைக்காக இல்லை. இவர் மேற்குக்கும் வாறன் எண்டுதான் சொன்னவர். நான்தான் வேண்டாம் எண்டு சொன்னனான். வரியைப் பாருங்கோ, பள்ளிக்கூடத்தைப் பாருங்கோ, ஏதாவது ஒரு காரணம் கண்டுபிடியுங்கோ எண்டு இவருக்குச் சொன்னதும் நான்தான்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏன்?" என்றேன்.

"உன்னட்டை நேராச் சொல்லப் பயமாயிருந்தது. இப்ப வரியும் இல்லையெண்டு போச்சு. இனி என்னத்தைச் சொல்லுறது?" அவள் நிறுத்தவில்லை. "நீ எனக்கு எல்லாம் செய்தனி. இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா நீ பக்கத்தில இருந்தா நான் ஒண்டுமே யோசிக்கிறேல்லை அக்கா. நான் யோசிக்கத் தொடங்க முதலே நீ யோசிச்சு முடிச்சிடுறாய். ஒரு வீட்டையாவது நானாப் பாத்து, நானா எடுத்து, நானா இருக்கோணும். கொஞ்சம் தள்ளி இருக்கப் போறன். கோவிக்காதை."

கோவிக்காதை என்றால் கோபம் வராமல் இருக்குமா? வந்தது. கோப்பைகள் கிலுங்க எழும்பினேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை, பாரில் இருந்த சிசிலிக்காரர்கள் பாஷை தெரியாமலேயே விளங்கிக்கொண்டு தலை குனிந்து கோப்பி குடித்தார்கள். வீடு வரைக்கும் தனியாக நடந்தேன். அவமானமாக இருந்தது. அதைவிட மேலாக, நெஞ்சு வலித்தது. யாருக்காக இவ்வளவும் செய்தேனோ அவளே என்னைக் கண்டு ஓடப் பார்க்கிறாள். அதற்குத் தன் பாவி மனுசனையும் சோலை வரியையும் மறைப்பாகப் பிடித்திருக்கிறாள்.

என் கணவர் ஆறுதல் சொல்ல வந்தார். "கிட்ட உறவு முட்டப் பகை எண்டு சும்மாவே சொன்னவங்கள்? கொஞ்சம் எட்ட இருக்கட்டுமே. நீர் ஏன் மனதைப் போட்டு அலட்டுறீர்?" என்றார். அன்றைக்கு அவருக்கு இரவுச் சாப்பாடு பாண்தான். பழமொழிக்குக் கறி வைப்பது கிடையாது.

சில வாரங்கள் தங்கையோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஒரே மாடியில் இருந்துகொண்டு கதைக்காமல் இருப்பது பெரிய உடற்பயிற்சி. அவள் படியில் இறங்கும் சத்தம் கேட்டால் நான் கதவுக்குப் பின்னால் நிற்பேன். பிள்ளைகள் இரண்டும் எங்களைச் சட்டை செய்யவில்லை. என் மகளிடம், "சித்தியாக்கள் தூரப் போகினம், உனக்குக் கவலையில்லையோ?" என்று கேட்டேன். "அம்மா, ரெயில் இருக்குத்தானே. பிறகு அவள் அங்கை கிளாரினெட் வாசிச்சா எனக்கு இஞ்சை நித்திரை வரும்" என்றாள். பிள்ளைகள் இவ்வளவு இலேசாக இருப்பது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கிழமைக்கு எனக்கு அது கெட்டதாகத்தான் பட்டது.

பதிவு முடிந்தது. என் மகள் மேற்கில், அவள் மகள் கிழக்கில். சங்கீதப் பிரிவில் எடுத்துவிட்டார்கள். வசந்தத்தில் இரண்டு வீடுகளும் வாங்கினோம். தங்கை தன் வீட்டைப் பார்க்கப் போனபோது நான் போகவில்லை. அவள் கூப்பிடவும் இல்லை. எந்தத் திசையில் வாசல், தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, மேல் வீட்டில் இருக்கிறவர்கள் எப்படிப்பட்டவர்கள், ஒன்றும் எனக்குத் தெரியாது. கேட்க நாக்கு துடித்தது. என் கணவர் சகலனோடு போனில் கதைக்கும்போது பக்கத்தில் நின்று பாத்திரம் கழுவினேன், கழுவின பாத்திரத்தையே திரும்பவும் கழுவினேன். சகலன்மாருக்கு வாதாட ஒன்றும் இல்லாமல் போனதால் இப்போது நல்ல சினேகிதம். எந்தப் பூச்சு ஈரத்துக்குத் தாங்கும் என்று அன்பாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

பெட்டி கட்டிப் போகும் நாளில் அவள் வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் மரம் போல நின்றேன், பிறகு நானும் பிடித்துக்கொண்டேன். இருவரும் அழுதோம்.

கோடை போய்ப் பள்ளிக்கூடம் தொடங்கி, முதல் மழையும் பெய்த பிறகு ஒரு நாள் போன் வந்தது.

"அக்கா, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வாறியளோ எல்லாரும்?"

வாறியளோ! என்னை இதுவரைக்கும் அப்படி ஒருவரும் கேட்டதில்லை, அவள் கேட்டதேயில்லை. விருந்தாளிக்குச் சொல்கிற சொல் அது. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. "ஓம், வாறம்" என்றேன், அதுவும் விருந்தாளிக் குரலில்.

ரெயிலடிக்கு அவளே வந்து நின்றாள். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். வீடு சின்னது, வெளிச்சமானது. சுவர்களுக்கு மஞ்சள் பூசியிருந்தாள், எலுமிச்சை மஞ்சள். நானென்றால் வெள்ளைதான் பூசச் சொல்லியிருப்பேன். தங்கைக்கு மஞ்சள் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியாது. எட்டிப் பார்க்க நினைத்த அறைகளை எட்டிப் பார்க்காமல் காட்டிய கதிரையில் உட்கார்ந்தேன். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, மடியில் வைத்துக்கொண்டேன்.

மேசையில் ஆண்களும் பிள்ளைகளும் ஏதேதோ கதைத்தார்கள். அவள் மீன்குழம்பைக் கொண்டு வந்து முதலில் எனக்குப் போட்டாள். தேங்காய்ப்பால் கொஞ்சம் கூட விட்டு, புளியைக் குறைத்து, நான் வைக்கிற மாதிரியே இல்லை. இரண்டு பிடி சாப்பிட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடம் ஒன்றாய் இருந்தும், அவள் தானாக ஆக்கிய ஒரு கறியை நான் சாப்பிடுவது இதுதான் முதல் தடவை. நிமிர்ந்து பார்த்தேன். அவள் உட்காரவில்லை. சட்டியைக் கையில் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உப்புக் காணுமோ அக்கா?" என்றாள்.

உப்பு சற்றுக் குறைவு.

"காணும்" என்றேன். "அளவாய் இருக்கு. இன்னும் கொஞ்சம் போடு."